கைருத்தீன் பாஷாவும் 'அக்வமுல் மஸாலிக்'கும்: ஒரு மறுவாசிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டு முஸ்லிம் உலகின் சீர்திருத்தச் சிந்தனை பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஜமாலுத்தீன் அஃப்கானி, முஹம்மது அப்துஹு, ஸர் ஸையித் அஹ்மத் கான் ஆகியோரின் பெயர்களே நம் நாவில் முதலில் வருகின்றன. அதே நூற்றாண்டில், சீர்திருத்தம் குறித்து எழுதியதோடு நின்றுவிடாமல், ஒரு நாட்டின் தூதராகவும் கருவூலக் காவலராகவும் தலைமை அமைச்சராகவும் இருந்து அதைச் செயற்படுத்த முனைந்தவர் துனீசியாவின் கைருத்தீன் பாஷா. எகிப்திய அறிஞர் அஹ்மத் அமீன் தம் 'ஸுஅமாஉல் இஸ்லாஹ்' நூலில் அன்னாருக்கு ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியுள்ளார். அரபு பயில்வோரில் பலர் கைருத்தீனை முதலில் சந்திப்பது அவ்வத்தியாயத்தில்தான். அது வியப்பும் வாஞ்சையும் கலந்து தீட்டப்பட்ட சித்திரம். குறை சொல்ல அதில் இடமில்லை, ஆராயவும் இடமில்லை.

ஒரு சிந்தனையாளரை அவருடைய நூலை வைத்து மட்டும் அளப்பது ஒரு முறை. செயலை வைத்து மட்டும் அளப்பது மற்றொரு முறை. கைருத்தீனைப் பொறுத்தவரை இவ்விரண்டும் போதா. அவர் நூலில் நிறுவிய அளவுகோலை எடுத்து அவருடைய வாழ்வின்மீதே வைத்துப் பார்ப்பதுதான் நீதியான முறை என்று கருதுகிறோம். அவ்வாறு பார்க்கும்போது அவருடைய வெற்றிகளுக்கும் தோல்விகளுக்கும் ஒரே காரணம் புலப்படுகின்றது.

அடிமைச் சந்தையிலிருந்து அரசவைக்கு

கைருத்தீன் 1820ஆம் ஆண்டை ஒட்டிக் காக்கேசிய மலைப்பகுதியில் அப்காஸிய இனத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து இஸ்தான்பூலில் அடிமையாக விற்கப்பட்டார். உஸ்மானியப் பெருமகன் தஹ்ஸீன் பேயின் இல்லத்தில் வளர்ந்தார். 1839இல் துனீஸ் ஆட்சியாளர் அஹ்மத் பேயின் ஆள்கள் அவரை விலைக்கு வாங்கித் துனீஸுக்கு அழைத்து வந்தனர். அங்கே அரண்மனை மம்லூக்குகளோடு சேர்ந்து அரபும் மார்க்கக் கல்வியும் பிரெஞ்சும் படைப்பயிற்சியும் பெற்றார். 1846இல் அஹ்மத் பே தம் நாட்டில் அடிமை முறையை ஒழித்தார். விலைக்கு வாங்கப்பட்டு அதே அரண்மனையில் வளர்ந்த இளைஞர், அவ்வாண்டிலேயே படை அதிகாரியாகத் தம் ஆட்சியாளருடன் பாரிஸ் சென்றார். அவர் கண்ட முதல் ஐரோப்பா அதுவே.

கைருத்தீனின் அரசியல் கல்வி உண்மையில் தொடங்கியது 1853இல். வரிக் குத்தகையிலும் அரசுக் கொள்முதலிலும் கொழுத்த மஹ்மூத் பின் அய்யாத் என்பவர் 1852இல் பெருஞ்செல்வத்துடன் பிரான்ஸுக்குத் தப்பியோடினார். ஓடியதோடல்லாமல், துனீஸ் அரசே தமக்குக் கடன்பட்டிருப்பதாக வழக்கும் தொடுத்தார். அவ்வழக்கை நடத்தக் கைருத்தீன் பாரிஸுக்கு அனுப்பப்பட்டார். நான்காண்டுக் காலம் கணக்கேடுகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் நடுவே வாழ்ந்தார். மூன்றாம் நெப்போலியனின் நடுவர் தீர்ப்பு 1856இல் பெரும்பாலும் துனீஸுக்குச் சாதகமாக வந்தது.

இத்தூதுப் பணியில் இன்னொரு பொறுப்பும் அவரிடம் தரப்பட்டிருந்தது. கிரீமியப் போருக்குப் படையனுப்புவதால் ஏற்பட்ட செலவை ஈடுகட்டப் பாரிஸில் கடன் பெறவேண்டும் என்பதே அது. அதில் மட்டும் கைருத்தீன் வேண்டுமென்றே காலந்தாழ்த்தினார். 1855இல் அஹ்மத் பே மரணமடைய, கடன் பேச்சும் அத்துடன் அடங்கிற்று. ஒரு தூதர் தம் அரசின் கட்டளையை நிறைவேற்றாமல் விட்டதைப் பாராட்டலாமா என்ற வினா எழலாம். எட்டாண்டுகள் கழித்து அந்நாட்டுக்கு நேர்ந்ததை அறிந்தோர் அவ்வினாவை எழுப்பமாட்டார்கள்.

ஏட்டளவில் ஷூரா

1857இல் முஹம்மத் பே 'அஹ்துல் அமான்' எனும் உறுதிப் பத்திரத்தை வெளியிட்டார். மதம், இனம் பாராமல் குடிமக்களின் உயிருக்கும் உடைமைக்கும் மானத்துக்கும் காப்பளிப்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1861இல் ஓர் அரசியல் சாசனம் வந்தது. முஸ்லிம் நாடொன்றில் நவீன காலத்தில் எழுதப்பட்ட முதல் சாசனம் என்று வரலாற்றாளர் குறிப்பிடுவது இதனையே. அதன்படி அமைந்த பேரவையின் தலைமையைக் கைருத்தீன் ஏற்றார். கடற்படை அமைச்சுப் பொறுப்பும் 1857 முதல் அவரிடமே இருந்தது.

ஆனால் அதிகாரத்தின் உண்மையான கடிவாளம் தலைமை அமைச்சர் முஸ்தஃபா கஸ்னதாரின் கையில் இருந்தது. அவரும் கிரேக்கத் தீவொன்றில் பிறந்து விற்கப்பட்ட மம்லூக்கே. கைருத்தீனுக்கு மாமனாரும் ஆவார். பேரவை கேள்வி கேட்கும் அவையாக இல்லாமல், கஸ்னதாரின் முடிவுகளுக்கு முத்திரையிடும் அவையாக மாறியதைக் கண்ட கைருத்தீன், 1862இல் பதவிகளைத் துறந்து ஒதுங்கினார்.

மறு ஆண்டே பாரிஸின் எர்லாங்கர் வங்கியிடமிருந்து 3.5 கோடி ஃபிராங்க் கடன் வாங்கப்பட்டது. தரகும் தள்ளுபடியும் கையூட்டும் போக, கருவூலத்தை அடைந்தது அதனினும் மிகக் குறைந்த தொகையே. அதற்கு வட்டி கட்டத் தலைவரி 36 ரியாலிலிருந்து 72 ரியாலாக இரட்டிக்கப்பட்டது. 1864இல் அலீ பின் கதாஹிம் தலைமையில் பழங்குடியினர் கிளர்ந்தெழுந்தனர். அரசு கிளர்ச்சியை அடக்கியது. அந்தக் குழப்பத்தோடு சாசனத்தையும் நிறுத்திவைத்தது. தொடர்ந்து பஞ்சமும் கொள்ளை நோயும் வந்தன. துனீஸ் மக்கள் மாண்டுகொண்டிருந்த அந்த 1867இல்தான் துனீஸ் அரசு அச்சகத்திலிருந்து 'அக்வமுல் மஸாலிக் ஃபீ மஃரிஃபதி அஹ்வாலில் மமாலிக்' வெளிவந்தது.

நூலின் உள்ளமைப்பு

'நாடுகளின் நிலைகளை அறிவதற்கான மிக நேரிய பாதை' என்று தலைப்பைப் பொருள்படுத்தலாம். மஸாலிக், மமாலிக் எனும் எதுகை பழைய மரபின் அடையாளம். உள்ளே இருப்பதோ புதிய பொருள். உஸ்மானிய அரசு தொடங்கி பிரான்ஸ், இங்கிலாந்து, ஆஸ்திரியா, ரஷ்யா என இருபது நாடுகளின் வரலாறு, ஆட்சிமுறை, படை, நிதி ஆகியன வரிசையாகச் சொல்லப்படுகின்றன. இப்பகுதிகள் இன்று ஆவண மதிப்புடையன, அவ்வளவே. நூலின் உயிர் அதன் நீண்ட முகத்திமாவில் உள்ளது. 1868இலேயே அது பிரெஞ்சில் வெளிவந்தது. நூலின் அரபு நடையைச் செப்பனிடுவதில் ஸாலிம் பூஹாஜிப் போன்ற ஸைத்தூனா அறிஞர்களின் கை இருந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

இரு சாராரை நோக்கி அம்முகத்திமா பேசுகின்றது. ஒரு சாரார் ஆட்சியாளரும் உலமாக்களும். உம்மத்தின் நிலை உயரக் கல்வியைப் பரப்புவதும் வேளாண்மை, தொழில், வணிகம் ஆகியவற்றை வளர்ப்பதும் அவர்கள் கடமை. இவற்றுக்கெல்லாம் அடித்தளம் நல்லாட்சி என்கிறார் ஆசிரியர். மறு சாரார், பிற சமயத்தாரிடமிருந்து வருவது என்ற ஒரே காரணத்துக்காக நல்லதையும் ஒதுக்கித் தள்ளும் பொதுமக்கள். அகழ் தோண்டும் போர்முறையை ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) பாரசீகத்திலிருந்து கொண்டுவந்தபோது நபிகளார் (ஸல்) அதை ஏற்ற நிகழ்ச்சியை எடுத்துக்காட்டுகிறார். ஐரோப்பியரின் துணியை உடுத்தி அவர்களின் பொருள்களைப் பயன்படுத்துவோர், அவர்களை வலிமையாக்கிய நிர்வாக ஒழுங்கை மட்டும் வெறுப்பது முரண் என்று இடித்துரைக்கிறார்.

பொருளியல் பற்றி அவர் கூறுவது நம்மை மிகவும் ஈர்த்த பகுதி. ஆட்டை வளர்த்தவனும் பருத்தியைப் பயிரிட்டவனும் பட்டுப்புழுவைப் பேணியவனும் ஓராண்டு உழைத்துப் பெற்ற மூலப்பொருளை ஐரோப்பியனுக்கு மலிவாக விற்கிறார்கள். சிறிது காலத்தில் அவன் அதை நெய்து கொண்டுவரும்போது பன்மடங்கு விலை கொடுத்து அவர்களே வாங்குகிறார்கள். ஆடைக்கும் ஆயுதத்துக்கும் பிறர் கையை எதிர்பார்க்கும் நாடு அரசியலிலும் பிறர் கைக்குள் போய்விடும் என்பது அவர் முடிவு. பாரிஸில் கணக்கேடுகளோடு வாழ்ந்தவரின் அனுபவம் இவ்வரிகளில் பேசுகின்றது.

அரசியலில் அவருடைய வாதம் தெளிவானது. தனியொருவரின் கட்டற்ற அதிகாரம், அவர் எத்தகையவராயினும், நாட்டைக் கெடுக்கும். அநீதி நாகரிகத்தை அழிக்கும் என்ற இப்னு கல்தூனின் கோட்பாட்டைத் துணைக்கு அழைக்கிறார். தம்மிடம் கோணல் கண்டால் நேராக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்ட உமர் (ரலி) அவர்களின் முன்மாதிரியை நினைவூட்டுகிறார். நம் ஃபிக்ஹு மரபு பேசும் 'அஹ்லுல் ஹல்லி வல்அக்து' எனும் ஆலோசகர் குழாமின் பணியையே ஐரோப்பியரின் நாடாளுமன்றங்கள் செய்கின்றன என்று காட்டுகிறார். ஒரு நல்ல அரசரோ ஒரு நல்ல அமைச்சரோ வந்தால் நாடு சிறக்கும். அவர் போனால் அச்சிறப்பும் போகும். ஆகவே ஆளை நம்பாதீர், அமைப்பை நிறுவுவீர் என்பதே முகத்திமாவின் சாரம்.

இவ்வமைப்புகளுக்கு எதிராகச் சொல்லப்படும் தடைகளையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறார்: ஷரீஅத்துக்கு முரண் என்பது ஒன்று, மக்கள் இதற்கு இன்னும் பக்குவப்படவில்லை என்பது மற்றொன்று, வழக்குகள் தாமதமாகும், அதிகாரிகள் பெருகி வரி கூடும் என்பன பிற. மக்கள் பக்குவப்படவில்லை என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்துமாறு வேண்டுகிறோம்.

நூலின் மௌனம்

இத்துணை சிறந்த முகத்திமாவில் நம் கண்ணை உறுத்தும் ஒரு வெற்றிடம் உண்டு. இருபது நாடுகளைப் பற்றி எழுதியவர் துனீஸுக்கென ஓர் அத்தியாயம் எழுதவில்லை. தாமே தலைமை தாங்கிய பேரவை ஏன் தோற்றது, 1863இன் கடன் எவ்வாறு வாங்கப்பட்டது, சாசனம் ஏன் நிறுத்தப்பட்டது என்பவற்றை அவரைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. அந்த அனுபவத்தை அவர் வெளிப்படையாக அலசியிருந்தால், முஸ்லிம் உலகின் முதல் சாசனத்தைப் பற்றிய முதல் திறனாய்வாக அது அமைந்திருக்கும்.

மாமனார் அதிகாரத்தில் இருக்கையில், அரசு அச்சகத்தில் அச்சாகும் நூலில் அதை எழுத முடியாதுதான். அந்த நெருக்கடியை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பிரான்ஸின் அமைப்பைப் புகழ்வதற்குத் தேவைப்படாத துணிவு, துனீஸின் குறையைச் சொல்வதற்குத் தேவைப்பட்டது. அவர் எச்சரிக்கையுள்ள தூதராகவே எழுதினார். நூல் உண்மையை உரைக்கின்றது. தன் ஊரின் உண்மையை மட்டும் குறிப்பால் உணருமாறு விட்டுவிடுகின்றது.

கருவூலத்தின் காவலர்

1869இல் கடனைத் திருப்ப வழியின்றித் துனீஸ் நொடித்தது. பிரான்ஸ், இங்கிலாந்து, இத்தாலி ஆகியவற்றின் அழுத்தத்தால் ஒரு சர்வதேச நிதி ஆணையம் அமைந்தது. அதன் தலைவராகக் கைருத்தீன் அமர்ந்தார். உடன் பிரெஞ்சு நிதி ஆய்வாளர் விக்டர் வில்லே இருந்தார். கடன் கொடுத்தோரின் பிரதிநிதிகள் அடங்கிய கண்காணிப்புக் குழு வேறு இருந்தது. 1870இல் கடன்கள் ஒருங்கே திரட்டப்பட்டு 12.5 கோடி ஃபிராங்காகக் குறைத்து நிர்ணயிக்கப்பட்டன. வட்டி 5 விழுக்காடு. அதாவது ஆண்டுக்கு 62.5 இலட்சம் ஃபிராங்க். நாட்டு வருவாயில் ஏறத்தாழப் பாதி கடன்காரர்களுக்கென ஒதுக்கப்பட்டது.

இது சாதனையா, சரணாகதியா? இரண்டும்தான். போலிக் கடன் பத்திரங்களும் கூட்டு வட்டியும் வெட்டப்பட்டதால் நாடு மூச்சுவிட்டது. ஆனால் எந்த அவைக்கும் கணக்குக் காட்டாத ஓர் அரசு, முடிவில் அந்நிய நாட்டுத் தூதர்களுக்குக் கணக்குக் காட்டும் நிலை வந்தது. சொந்த மக்களிடம் கணக்கொப்பிக்க மறுப்பவன் கடன்காரனிடம் கணக்கொப்பிக்கும் நாள் வரும். முகத்திமா சொல்லாமல் விட்ட பாடம் இது. ஆணையத்தின் மேசையில் வரலாறு அதைச் சொல்லிற்று.

1871இல் கைருத்தீன் இஸ்தான்பூல் சென்று, துனீஸ் உஸ்மானிய கிலாஃபத்தின் ஓர் அங்கம் என்றும் ஆட்சி ஹுஸைனி மரபினருக்கே உரியது என்றும் உறுதிசெய்யும் ஃபர்மானைப் பெற்றுவந்தார். ஐரோப்பியர் துனீஸைத் தனியே பிரித்து விழுங்கிவிடாதபடி சட்டத்தால் எழுப்பிய வேலி அது.

அமைச்சர் செய்ததும் செய்யாததும்

1873 அக்டோபரில் கஸ்னதார் வீழ்ந்தார். கைருத்தீன் தலைமை அமைச்சரானார். 1877 ஜூலை வரையிலான ஏறத்தாழ நான்காண்டுகள் துனீஸ் வரலாற்றில் ஒளி மிக்கவை. வரி பாக்கிகள் தள்ளுபடியாயின. புதிதாக ஒலிவ மரம் நடுவோருக்கு வரிவிலக்குக் கிடைத்தது. 1874இல் வக்ஃபுச் சொத்துகளை நிர்வகிக்க 'ஜம்இய்யதுல் அவ்காஃப்' அமைக்கப்பட்டு, அதன் பொறுப்பு முஹம்மத் பைரம் எனும் ஆலிமிடம் ஒப்படைக்கப்பட்டது. 1875இல் ஸாதிகிய்யா கல்லூரி எழுந்தது. குர்ஆன், அரபு, மார்க்கக் கல்வி ஆகியவற்றோடு பிரெஞ்சும் இத்தாலியமும் துருக்கியும் கணிதமும் அங்கே கற்பிக்கப்பட்டன. கஸ்னதாரிடமிருந்து மீட்ட சொத்துகளே அக்கல்லூரிக்கு வக்ஃபு செய்யப்பட்டன. மக்களிடமிருந்து சுரண்டிய செல்வம் மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வியாகத் திரும்பியது.

பயிர் நிலம் 60,000 ஹெக்டேரிலிருந்து 10 இலட்சம் ஹெக்டேராகப் பெருகிற்று என்று கைருத்தீன் தம் நினைவுக் குறிப்பில் பெருமைப்படுவதுண்டு. பலரும் இதனை அப்படியே எடுத்தெழுதுகின்றனர். ஓர் அமைச்சர் தம் ஆட்சியைப் பற்றித் தாமே தரும் கணக்கு அது என்பதை மறக்கலாகாது. பஞ்சத்தின் அடிமட்டத்திலிருந்து அளந்தால் எந்த ஏற்றமும் பெரிதாகத் தோன்றும்.

இனி, செய்யாததற்கு வருவோம். அதிகாரம் கையிலிருந்த அந்நான்காண்டுகளில் அவர் 1861இன் சாசனத்தை மீட்கவில்லை, பேரவையையும் கூட்டவில்லை. மக்கள் பக்குவப்படவில்லை என்ற வாதத்தை 1867இல் மறுத்தவர், 1873க்குப் பின் அவ்வாதத்தை ஏற்றவர் போலவே நடந்துகொண்டார். அந்நியத் தூதர்களின் தலையீடும் ஆட்சியாளரின் விருப்பமின்மையும் குறுக்கே நின்றன என்று அவருக்காக வாதாடுவோர் கூறுவர். அதில் உண்மை உண்டு. அதனினும் ஆழமான காரணம் ஒன்றும் உண்டு என எண்ணுகிறோம். நீதியான அமைச்சர் கிடைத்துவிட்டார், அவர் தாமே, இனி அவை எதற்கு? நல்லெண்ணம் கொண்ட ஆட்சியாளர் அனைவரையும் வீழ்த்தும் மயக்கம் இது. அமைப்பை நம்பச் சொன்னவர், தம் முறை வந்தபோது ஆளை நம்பினார்.

விளைவு என்ன? ஆட்சியாளர் ஸாதிக் பேயின் மனம் மாறியது. முஸ்தஃபா பின் இஸ்மாயீல் எனும் செல்லப்பிள்ளையின் கை ஓங்கியது. 1877இல் கைருத்தீன் விலக நேர்ந்தபோது அவருக்காகக் குரலெழுப்ப ஓர் அவை இல்லை.

இஸ்தான்பூலும் என்ஃபீதாவும்

சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் 1878இல் அவரை இஸ்தான்பூலுக்கு அழைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் ஸத்ருல் அஃளமாக உயர்ந்தார். ஒரு காலத்தில் அதே நகரில் விற்கப்பட்ட சிறுவன் அப்பேரரசின் முதன்மை அமைச்சரானது அல்லாஹ்வின் நாட்டம். கடனில் மூழ்கிய எகிப்தின் கதீவ் இஸ்மாயீல் 1879 ஜூனில் பதவி நீக்கப்பட்டது இவர் பொறுப்பில் இருந்தபோதுதான். அமைச்சரவைக்குத் தனிப் பொறுப்பும் அதிகாரமும் வேண்டும் என்று இம்முறை அவர் வலியுறுத்தினார். சுல்தான் இசையவில்லை. ஜூலை இறுதியில், எட்டு மாதங்களுக்குள், பதவி பறிபோனது. துனீஸில் தவறவிட்டதை இஸ்தான்பூலில் கேட்டார். ஆனால் அங்கே அவர் வேரில்லாத மரமாக இருந்தார்.

அவர் வாழ்வின் மிகக் கசப்பான பக்கம் 1880இல் எழுதப்பட்டது. ஸூஸாவுக்கு வடக்கே என்ஃபீதா எனும் ஏறத்தாழ ஓர் இலட்சம் ஹெக்டேர் பரப்புள்ள பண்ணை ஸாதிக் பே அவருக்கு வழங்கியது. அதை அவர் மார்ஸேயைச் சேர்ந்த ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்றார். பிரிட்டிஷ் பாதுகாப்புப் பெற்றிருந்த அண்டை நிலத்தார் ஒருவர், ஷுஃப்ஆ எனும் முன்னுரிமைக் கொள்முதலைக் கோரினார். மாலிகீ, ஷாஃபிஈ மத்ஹபுகளில் அவ்வுரிமை கூட்டுப் பங்காளிக்கே உண்டு. ஹனஃபீ மத்ஹபில் அண்டை நிலத்தாருக்கும் உண்டு. அதைத் தடுக்க, பண்ணையைச் சுற்றிலும் ஒரு குறுகிய நிலப்பட்டையை விற்காமல் நிறுத்திவைக்கும் 'ஹீலா' கையாளப்பட்டது. எல்லை ஒட்டாவிட்டால் அண்டை உரிமையும் இல்லையன்றோ! ஃபிக்ஹு நூல்களில் பாடமாகப் படித்த சட்டத் தந்திரம், ஒரு நாட்டின் தலைவிதியோடு பின்னிக்கொண்டதை இங்கே காண்கிறோம். இவ்வழக்கு பிரான்ஸுக்கும் துனீஸ் அரசுக்கும் இடையிலான பிணக்குகளில் ஒன்றாக வளர்ந்தது. 1881 மே 12இல் பாதுகாப்பு ஒப்பந்தம் எனும் பெயரில் துனீஸ் பிரான்ஸின் பிடிக்குள் வந்தது.

படையெடுப்புக்கு அல்ஜீரிய எல்லைப் பழங்குடியினரின் ஊடுருவலே காரணமாகச் சொல்லப்பட்டது. என்ஃபீதா இல்லாவிட்டாலும் பிரான்ஸ் வந்திருக்கும். தம் சொத்துகள் பறிக்கப்படும் என்று கைருத்தீன் அஞ்சியதற்கும் நியாயம் இருந்தது. ஆயினும், மூலப்பொருளை அந்நியனுக்கு விற்கும் குடியானவனுக்காக வருந்தியவர், ஓர் இலட்சம் ஹெக்டேர் மண்ணையே அந்நியனுக்கு விற்றார் என்பதை மறைத்து அவருக்குப் புகழ்மாலை சூட்ட நமக்கு மனம் ஒப்பவில்லை. தனிமனிதனின் உடைமைக்கு 'அஹ்துல் அமான்' தந்த காப்பு நடைமுறையில் நிலைத்திருந்தால், அவர் அஞ்சவும் நேர்ந்திராது, விற்கவும் நேர்ந்திராது. அவர் மீட்காத சாசனத்தின் இழப்பை அவரே சுமந்தார்.

எஞ்சியவை

1890 ஜனவரியில் கைருத்தீன் இஸ்தான்பூலில் காலமானார். 1968இல் அவரது உடலின் எச்சங்கள் துனீஸுக்குக் கொண்டுவரப்பட்டன. பிற்காலத்தில் துனீசியாவின் 20 தினார் பணத்தாளிலும் அவருருவம் பொறிக்கப்பட்டது. கடனுக்கு எதிராக எச்சரித்தவருக்குப் பொருத்தமான நினைவுச் சின்னந்தான்.

அவர் செய்தவற்றில் எவை நிலைத்தன என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகின்றது. வரிச் சலுகைகளும் நிர்வாகக் கண்டிப்பும் அவர் பதவியோடு மறைந்தன. அவை அவருடைய ஆளுமையைச் சார்ந்திருந்தன. தனக்கென வக்ஃபும் விதிமுறையும் பெற்ற ஸாதிகிய்யா பிரெஞ்சு ஆட்சிக் காலத்தையும் தாண்டி நின்றது. துனீசிய விடுதலை இயக்கத்தின் தலைவர்கள் பலர் அங்கே உருவானார்கள். வக்ஃபு அமைப்பின் கதை வேறு. வக்ஃபுகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்திருந்ததால், 1898இன் ஆணை ஒன்றின் வழியே ஆண்டுக்கு 2,000 ஹெக்டேர் நிலத்தைக் குடியேற்றக்காரர்களுக்கு விடச் செய்வது பிரெஞ்சு ஆட்சிக்கு எளிதாயிற்று. 1956–57இல் வக்ஃபு முறையையே ஒழித்த ஹபீப் பூர்கீபா ஸாதிகிய்யாவின் மாணவர். அமைப்பு மட்டும் போதாது. அதன்மேல் மக்களின் கண்காணிப்பு இல்லையேல், எவர் கையில் விழுகிறதோ அவருக்கே அது கருவியாகும்.

எனவே கைருத்தீனை நாம் எவ்வாறு மதிப்பது? அவருடைய வாழ்வின் குறையால் அவருடைய நூல் பொய்த்துவிடவில்லை. மாறாக, தன் ஆசிரியரையே சாட்சியாக்கித் தன் மெய்ம்மையை நிறுவிக்கொண்டது. அமைப்பை நட்ட இடத்தில் அவர் வென்றார். தம்மையே நட்ட இடத்தில் தோற்றார். இப்னு கல்தூனின் முகத்திமாவை ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்தும்போது, துனீஸில் எழுதப்பட்ட இந்த இன்னொரு முகத்திமாவையும் அருகில் வைத்துக்கொள்வது நம் வழக்கம். முன்னது அரசுகள் ஏன் வீழ்கின்றன என்பதைக் கூறும். பின்னது எவ்வாறு வீழாதிருக்கலாம் என்பதைக் கூறும். அதை அறிந்த ஒருவரே ஏன் அதைச் செய்ய இயலவில்லை என்பதை அவருடைய வாழ்வு கூறும். ஒரு பள்ளிவாசலின் நிர்வாகத்தையோ ஒரு மத்ரஸாவின் பொறுப்பையோ ஏற்கும் நல்லெண்ணம் படைத்தவர் ஒவ்வொருவரும், நான் இருக்கும்வரை கணக்கும் கலந்தாலோசனையும் எதற்கு என்று எண்ணும் கணத்தில், இம்மூன்றையும் ஒருசேரப் படிப்பது நலம்.